மரம் என்ன பேசவா போகிறது?

கேள்வி: எனக்கு 72 வயது. கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஊரில், மாமனார் காலத்து வீட்டில் தனியாக இருக்கிறேன். எங்க வீட்டுச் செட்டியார் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. மகன் டல்லாஸில், மகள் சென்னையில். ஒரு காலத்தில் ஒன்பது புள்ளி, அதாவது ஒன்பது குடும்பம், புழங்கிய வளவு. இன்றைக்குப் பங்காளிகள் அறையெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. காலையில் வாசல் பெருக்கிப் பாத்திரம் துலக்க ஒரு பெண் வருவாள். ராத்திரி முகப்பில் படுக்க ஒரு காவல்காரப் பெரியவர். மற்றபடி ஆளே இல்லை. "ஆத்தா, தினம் இயற்கையோட கொஞ்ச நேரம் இருங்க, தனிமை போயிரும்னு ஆராய்ச்சியே சொல்லுது" என்று மகன் போனில் சொல்லி, எத்தனை அடி நடந்தேன் என்று காட்டும் கடிகாரம் ஒன்றும் அனுப்பியிருக்கிறான். செட்டியாரோடு ஐந்து தடவை பழனிக்குப் பாதயாத்திரை போனவள் நான், நடக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் இந்தப் பங்குனி வெயிலில் எந்த இயற்கையைப் போய்ப் பார்க்க? சுற்றிலும் செம்மண்ணும் சீமைக் கருவையும்தான். தோட்டத்தில் அவர்கள் வைத்த நார்த்தை கூடப் போன வருஷம் பட்டுப்போனது, அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். பேச ஆள் இல்லை என்றால் மரத்தைப் பார் என்கிறான். மரம் என்ன பேசவா போகிறது? எட்டு மணிக்குப் படுத்தால் மூணு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. கல்யாணம் காட்சிக்கும் இப்போது போவதில்லை, கூட்டத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்றே புரிவதில்லை. என்ன செய்யட்டும், டாக்டர் தம்பி?

பதில்:

ஆச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை வரவில்லை.

மகனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சொன்னது பொய்யில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது 1984இல் வந்த ஓர் ஆய்வு. ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்கர், பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேர் படுத்திருந்த அறை ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அப்புறம் 2019இல், இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் விசாரித்து இன்னொரு ஆய்வு வந்தது. வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது பசுமையான இடத்தில் கழிக்கிறவர்கள், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்களாம். மகன் சொல்லும் ஆராய்ச்சி அநேகமாக இப்படி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். (அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நன்றாக இருக்கிறவர்கள்தானே வெளியே கிளம்புவார்கள்? போனதால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருந்ததால் போனார்களா என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.)

இதெல்லாம் வலிக்கும் படபடப்புக்கும் சரி. தனிமைக்கு?

மனசு எவ்வளவு உறவைக் கேட்கிறதோ, எவ்வளவு கிடைக்கிறதோ, இரண்டுக்கும் நடுவில் விழுகிற பள்ளத்தைத்தான் நாங்கள் தனிமை என்கிறோம். வீட்டில் எத்தனை தலை இருக்கிறது என்பதற்கும் அதற்கும் நேரடிக் கணக்கு இல்லை. ஒன்பது புள்ளி இருந்த அந்த வளவிலேயே யாரோ ஒருவர் அந்தப் பள்ளத்தில் கிடந்திருப்பார், யார் என்று உங்களுக்கே தெரியும். இந்தப் பள்ளம் நாள்பட்டால் மனசு காவல் நாய் மாதிரி ஆகிவிடும். யாராவது வந்தால், 'எதுக்கு வந்திருக்கா?' போன் வராவிட்டால், 'மறந்துட்டான்.' வந்தால், 'கடமைக்குப் பேசுறான்.' ஆள் வேண்டும் என்று ஏங்குகிற மனசே வருகிற ஆளைப் பார்த்துக் குரைக்கும். தனிமையில் இருக்கிறவர்களிடம் "நாலு பேரோடு பழகுங்கள்" என்று சொல்வது பலிக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

மரமும் தண்ணீரும் பறவையும் செய்யும் வேலை இந்த இடத்தில்தான். அவை நம் கவனத்தைக் கேட்டு வாங்குவதில்லை. பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. அப்படி ஒரு அரை மணி உட்கார்ந்தால் அந்த நாய் கொஞ்சம் படுக்கும். அதோடு மரத்தின் வேலை முடிந்தது, ஆச்சி. அது பேசாது, நீங்கள் சொன்னது சரிதான். பக்கத்தில் ஓர் ஆள் வந்து உட்கார்வதற்குத் தனியாக வழி பண்ண வேண்டும். மகன் விட்டுவிட்ட பாதி அதுதான்.

ஐந்து தடவை பழனிக்கு நடந்தேன் என்கிறீர்களே, குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு போகிற வழியில் பார்த்த மரங்களில் எத்தனை ஞாபகம் இருக்கிறது? கால் கொப்புளத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டவர் ஞாபகம் இருப்பார். விடியாத இருட்டில் அரோகரா சொல்லிக்கொண்டே முன்னால் போன முதுகு ஞாபகம் இருக்கும். ஆனால் அதே ஆட்களை ஒரு மண்டபத்தில் நாற்காலி போட்டு எதிரெதிரே உட்காரவைத்திருந்தால், அவ்வளவு பேசியிருப்பீர்களா? பக்கத்தில் நடக்கும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு நின்றுபோனால் யாருக்கும் சங்கடமில்லை, ஒரு மயில் குறுக்கே ஓடினால் போதும், திரும்பத் தொடங்கிவிடும். வெட்டவெளிக்கு அந்த வசதி உண்டு.

ஃபின்லாந்தில் முதியவர்களுக்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தனிமையில் வாடுகிற ஏழெட்டுப் பேரை ஒரு குழுவாக்கி, மூன்று மாதத்தில் 12 தடவை கூட்டுவார்கள். கூடிச் செய்ய ஏதாவது ஒரு காரியம் இருக்கும். நடத்துகிறவர் மெல்ல மெல்ல விலகிக்கொள்வார், அதற்குப் பிறகும் தாங்களாகவே சந்தித்துக்கொண்ட குழுக்கள் உண்டு. சில வருஷமாக ஹெல்சிங்கி, பார்சிலோனா மாதிரி நகரங்களில் இதையே பூங்கா, தோட்டம், கடற்கரை என்று வெளியே கொண்டுபோய்ப் பார்க்கிறார்கள். இயற்கையும் வேண்டும், கூட ஆளும் வேண்டும், கைக்கு வேலையும் வேண்டும். நம்மூரில் இதற்கு ஃபின்லாந்து வரைக்கும் போக வேண்டாம். கொட்டான் முடையப் பனை ஓலையை நனைத்துப் போட்டுக்கொண்டு நாலு ஆச்சிமார் உட்கார்ந்தால் அங்கே நடந்தது என்ன?

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். காரைக்குடியில் நான் முதியோர் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய புதிதில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியூர். சர்க்கரை, மனசோர்வு, தூக்கமின்மை. "தினம் காலையில் நடங்க சார்" என்று எழுதிக் கொடுத்தேன். மனிதர் கட்டுப்பாடானவர். ஊருணியை நாலு சுற்று, ஒரு நாள் விடாமல். ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. நான் ரொம்ப சந்தோஷமாக ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "நடந்துட்டு வந்து பூட்டைத் திறக்குறேன் பாருங்க டாக்டர், அந்தச் சத்தத்தைக் கேக்குறதுக்குன்னே தினம் போயிட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததில் என் பங்கு ஒன்றும் இல்லை. அந்தக் கோடை விடுமுறையில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு புங்கங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. வாட்ச்மேன் இவரிடம் சும்மா கேட்டு வைத்தார். இரண்டு குடம் வாங்கிக்கொண்டு போனார். ஒரு கன்றை ஆடு கடித்துவிட்டது, வேலி கட்ட முள் வெட்டிக்கொண்டு ஆடு மேய்க்கிறவரே வந்தார், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வேலி கட்டினார்கள். அடுத்த தடவை நான் பரிசோதனைக்குத் தேதி கொடுத்தபோது, "அன்னைக்கு வர முடியாது டாக்டர், சாயங்காலம் தண்ணி ஊத்தணும். வரலைன்னா அந்த ஆள் வீட்டுக்கே வந்து கத்துவான்" என்றார். நாலு சுற்று நடந்தபோதும் மரங்கள் இருக்கத்தான் செய்தன. ஒரு நாள் வராவிட்டால் கேட்க அப்போது ஆள் இல்லை, இப்போது இருந்தது. அதிலிருந்து நான் யாருக்கும் வெறுமனே "நடங்க" என்று எழுதுவதில்லை.

சரி, உங்களுக்கு வருவோம். மூன்று விஷயங்களை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவைதான் முக்கியமாகப் பட்டன.

முதலில் காது. கூட்டத்தில் பேச்சு புரியவில்லை என்பது பெரும்பாலும் மனசுக் கோளாறு இல்லை, காதுக் கோளாறு. வயதாக ஆக மேல்ஸ்தாயி ஒலிகள் முதலில் மங்கும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. வேறு ஏதோ சொல்லிவிடுவோமோ என்று பயந்து, சிரித்துச் சமாளித்து, கடைசியில் போவதையே நிறுத்திவிடுவோம். முதியவர்களின் தனிமைக்குப் பின்னால் இப்படி ஒரு காது இருப்பதை நான் வாரத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கிறேன். உங்கள் வீடு இதை இன்னும் மோசமாக்கும். உயரமான மச்சு, முட்டை வெள்ளை சேர்த்துப் பூசிய வழவழப்பான சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, துணி, மெத்தை என்று ஒன்றும் இல்லாத பெரிய கூடம். பேசிய சொல் சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழும். நல்ல காதுக்கே அங்கே பேச்சு குழம்பும். திறந்த வெளியில் எதிரொலி கிடையாது. அதே ஆள், அதே குரல், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசினால் பளிச்சென்று விழும். உங்களை வெளியே உட்காரச் சொல்ல இந்த ஒரு காரணம் போதும் எனக்கு. முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சில பேருக்கு அதை எடுத்தாலே பாதி சரியாகிவிடும். மீதிக்குச் செவித்திறன் பரிசோதனை, தேவைப்பட்டால் கருவி. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை, மூக்குக் கண்ணாடி போடவில்லையா?

அடுத்தது தூக்கம். எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு விழிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழு மணி நேரம் ஆகிறது. இந்த வயதுக்கு அது போதும். தூக்கம் குறையவில்லை, இடம் தள்ளி விழுந்திருக்கிறது. வயதானால் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் கொஞ்சம் முன்னால் ஓடும். அதைப் பின்னுக்குத் தள்ள நல்ல மருந்து சாயங்கால வெளிச்சம். உங்கள் பட்டாலைக் கூடத்தில் பகல் ஒரு மணிக்கே பாதி இருட்டு. பகல் பூரா அந்த இருட்டில் இருந்துவிட்டு ஏழு மணிக்கு விளக்கேற்றினால், உடம்பு என்ன செய்யும்? ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை வெளியே வெளிச்சத்தில் இருங்கள். படுக்கையை ஒன்பதரைக்குத் தள்ளுங்கள். மத்தியானத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். மூன்று மணிக்கு விழித்து அந்தப் பூட்டிய அறைகளை எண்ணிக்கொண்டு படுத்திருப்பதை விட, ஐந்து மணிக்கு விழித்து வாசலில் குருவிச் சத்தம் கேட்பது மேல்.

மூன்றாவதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆளே இல்லை என்று எழுதிய கடிதத்தில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் பெயரையும் நீங்கள் எழுதவில்லை. ஒன்பது புள்ளி கணக்கில் வளர்ந்தவர்களுக்குப் பங்காளி, தாயபிள்ளை, சம்பந்தபுரம் இவர்கள்தான் ஆட்கள், மற்றவர்கள் வேலைக்கு வருகிறவர்கள் என்று பழகியிருக்கும். அந்தப் பழைய கணக்கிலேயே இருந்தால், பூட்டிய வீடுகளின் நடுவில் எண்ணிக்கை பூஜ்யம்தான். அந்தப் பெண் எங்கிருந்து வருகிறாள், அவள் மாமியாருக்கு என்ன வயது, காவல்காரப் பெரியவர் இளவயதில் என்ன விவசாயம் பார்த்தார் என்று தெரியுமா உங்களுக்கு? தெரிந்திருந்தால் மன்னியுங்கள்.

இந்தப் பங்குனியில் எந்த இயற்கையைப் பார்க்க என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். உங்கள் தெருவில் எங்காவது ஒரு வேம்பு இல்லாமல் இருக்காது. பூக்கிற காலம் இதுதான். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மரத்தடியைப் பெருக்கிப் பழைய வேட்டி ஒன்றை விரித்து, நாலு மூலைக்கும் கல் வையுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் போய்ப் பாருங்கள், வேட்டி முழுக்கப் பொரிப்பொரியாகக் கிடக்கும். குனிய வேண்டாம். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வேட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டு காம்பும் சருகும் எறும்பும் நீக்கிப் பொறுக்குங்கள். விரல் நுனியில் மெல்லிய தேன் வாசனை ஒட்டும், நாக்கில் வைத்தால் கசக்கும். ஒரு படி பூ காய்ந்தால் ஒரு கைப்பிடி தேறினாலே பெரிசு. இதில் எனக்குப் பிடித்ததே அதுதான். வேலை நிறைய, மகசூல் கொஞ்சம். ஒருவர் செய்தால் அலுப்பு. இரண்டு பேர் செய்தால் பேச்சு.

அந்தப் பெண்ணைக் கூட உட்காரச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று, அவளுக்கு இன்னும் நாலு வீடு இருக்கும். உங்கள் தனிமைக்கு மருந்தாக அவளைச் சும்மா பிடித்து வைக்கக் கூடாது. அந்த அரை மணிக்கும் சேர்த்துச் சம்பளம் பேசிவிடுங்கள், பூவிலும் பாதி அவளுக்கு. முடிந்தால் அவள் மாமியாரை வரச் சொல்லுங்கள். அந்தம்மாவும் வீட்டில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ எல்லாருக்கும் வேண்டும். ஒரு சின்னக் கொட்டானில் போட்டு யார் வீட்டுக்காவது கொண்டுபோய்க் கொடுக்க ஒரு காரணம் கையில் இருக்கும். காரணம் இல்லாமல் அடுத்த வீட்டுப் படியேறுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

வேப்பம்பூ முடிந்தால்? ஊருணிப் படிக்கட்டு இருக்கிறது. சாயங்காலம் அங்கே தண்ணீர் எடுக்க, காற்று வாங்க யார் யார் வருகிறார்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். தினம் ஒரே படி, ஒரே நேரம். மூன்றாம் நாள் பார்ப்பார்கள், பத்தாம் நாள் கேட்பார்கள். கோயில் நந்தவனம் இன்னொரு வழி. பல ஊரில் நந்தவனம் என்று பெயர் மட்டும் இருக்கிறது, பூ காரைக்குடி மார்க்கெட்டிலிருந்து வருகிறது. நாலு நந்தியாவட்டை, இரண்டு அரளி, ஒரு பவழமல்லி வைத்து, சாமிக்குத் தினம் ஒரு முழம் தொடுத்துக் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டால், ஒரு நாள் நீங்கள் வராவிட்டால் குருக்களே ஆள் அனுப்புவார்.

வெளியே போகவே முடியாத நாளில் வளவே போதும். வானத்தைப் பார்க்கத் திறந்து வைத்துக் கட்டிய வீடு அது. முற்றத்து ஓரத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், வெயில் படாத மூலையாக. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகக் கூட்டமாய் வந்து கத்தும், மைனா குளித்துவிட்டுப் போகும். சட்டியைத் தினம் கழுவித் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு.

பிள்ளைகள் தையில் வந்தால் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு சாயங்காலம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். 1977இல் அறிவித்தது. நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் வக்காவும் கண்மாய்க் கருவை மேல் கூடு கட்டியிருக்கும். அங்கே இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அப்பத்தா சொல்ல அதைவிட நல்ல கதை கிடைக்காது.

நார்த்தையைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்துக் கதவை இப்போதே திறக்கச் சொல்ல மாட்டேன். மரம் செடி எல்லாருக்கும் எப்போதும் ஆறுதல் என்று எழுதுகிறவர்கள், இழவு விழுந்த வீட்டுத் தோட்டத்தைப் பார்த்ததில்லை. அவர் தண்ணீர் ஊற்றிய குழியைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். தெருவில் தொடங்குங்கள். என்றைக்காவது தானாகக் கதவைத் திறக்கத் தோன்றினால், காவல்காரப் பெரியவரைக் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். பட்டுப்போனதை வேரோடு எடுப்பதா, விடுவதா என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்யலாம்.

இனி வெயிலுக்கு. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரை வரை இந்த இரண்டு மாதம் வெளியே வேண்டாம். வயதானவர்களுக்குத் தாகம் தாமதமாகத்தான் தெரியும், அதனால் தாகம் எடுக்காவிட்டாலும் கிளம்புமுன் ஒரு டம்ளர் தண்ணீர். பிரஷர் மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் வகையும் உண்டு, அது உங்களுக்கு இருந்தால் கோடையில் அளவு மாற்ற வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் கிளம்புவதும் கூடாது. செருப்பில்லாமல் நடந்தால்தான் இயற்கை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சர்க்கரையில் மரத்த காலுக்கு நெருஞ்சியும் கருவை முள்ளும் குத்தியதே தெரியாது. உட்கார்ந்து எழும்போது மெதுவாக. கையில் ஒரு கம்பு, அது காலுக்கும் ஆகும், நாய்க்கும் ஆகும். இருட்டில் டார்ச் இல்லாமல் மரத்தடிக்குப் போக வேண்டாம்.

பெண்கள் என்னிடம் கடைசியில், கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டு சொல்லும் ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது என்பதால் வெளியே போகப் பயமா? இருந்தால் மறைக்க வேண்டாம், வைத்தியம் இருக்கிறது. அதற்குள், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் இருக்கிற மரமாகப் பாருங்கள்.

மகனுக்கு ஒரு பத்தி, இதை அவருக்கு அனுப்பிவிடுங்கள். தம்பி, கடிகாரம் அனுப்பியது அன்பினால்தான். ஆனால் "இன்னைக்கு எத்தனை அடி நடந்தீங்க?" என்று கேட்டால் ஆத்தா கணக்கு ஒப்பிப்பார்கள், பேச மாட்டார்கள். "வேப்பம்பூ எவ்வளவு தேறுச்சு? யார் வந்தா?" என்று கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாள், சொன்ன நேரத்தில், காதில் விழும்படி நிதானமாகப் பேசுங்கள். தினம் அவசரமாக மூன்று நிமிடம் பேசுவதைவிட அது நல்லது. ஆச்சி, நீங்களும் அவரைக் கொஞ்சம் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார், அதில் வயதில் சின்னவர்களும் நிறையப் பேர். டல்லாஸில் அவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

கடைசியாக, இதெல்லாம் தனிமைக்கு. சாப்பாடு பிடிக்காமல் போவது, எடை குறைவது, எதிலும் ஆசை இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போவது, 'நானும் போய்ச் சேர்ந்துட்டா தேவலை' என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வருவது, இவை இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதிகாலை விழிப்பும் சில சமயம் அதில் சேரும். அதற்கு வேப்பமரம் போதாது, மருந்தும் ஆலோசனையும் வேண்டும், நன்றாகவே குணமாகும். மனநல உதவிக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் கட்டணமில்லாத அரசு எண்கள், தமிழில் பேசலாம்.

காது டாக்டரிடம் போகும்போது, வீட்டில் சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள், சீட்டு மட்டும் போதாது. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத் தோது இருக்குமா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். பேரைச் சொல்லி.